மூவர்ஸ் கொட்டேஷனில் 'இன்சூரன்ஸ் 3%': வாங்கலாமா, விடலாமா?

சென்னையிலிருந்து புனேவுக்கோ குருகிராமுக்கோ வீடு மாற்ற பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் கொட்டேஷன் கேட்டால், கடைசியில் 'இன்சூரன்ஸ் 3%' என்று ஒரு வரி நிற்கும். பேரம் பேசுபவர்கள் முதலில் அடிப்பது அதைத்தான். அடிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எஃப்.ஓ.வி.யா, இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியா?" எஃப்.ஓ.வி. லாரி நிறுவனமே வாங்கும் பொறுப்புக் கட்டணம். ஒரே பெயரில் விற்கப்படும் இந்த இரண்டும் வேறு வேறு.

எதுவும் வாங்காவிட்டால் ரசீதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதமானால் பொருளின் சொந்தக்காரரே பொறுப்பு) என்று முத்திரை குத்துவார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த முத்திரை இருப்பதாலேயே அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து லாரிக்காரர் தப்பிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன் 2011 விதிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பீட்டின் உச்சவரம்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு. ஆனால் நீங்கள் எழுதிக்கொடுத்த பொருள் மதிப்பை அது தாண்டக் கூடாது. வாடகை 35,000 என்றால் வரம்பு மூன்றரை லட்சம். படிவத்தில் மதிப்பு 50,000 என்று எழுதியிருந்தால் 50,000-தான். இதில் கோட்டை விடுபவர்கள் ஏராளம்.

எஃப்.ஓ.வி. என்பது லாரி நிறுவனம் தன் பொறுப்பைக் கூட்டிக்கொள்ள வாங்கும் கூடுதல் கட்டணம். இதில் இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. பொருள் உடைந்தால் யார் உடைத்தாரோ அவரிடமே போய் நிற்க வேண்டும். வெள்ளம், போர், கலவரம் போன்றவற்றால் வரும் சேதத்துக்குச் சட்டமே அவருக்கு விலக்குத் தருகிறது. சொந்த லாரி, சொந்த கோடவுன், இரண்டு ஊரிலும் கிளை என்று இருக்கும் நிறுவனத்திடம் இது கொடுக்கிற காசுக்குத் தகும். கீறல், கால் உடைந்த மேசை போன்ற சில்லறைச் சேதத்துக்குச் சர்வேயர் (இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சேத மதிப்பீட்டாளர்) வராமலே முடித்துக்கொள்ளலாம். போன் நம்பர் மட்டும் உள்ள புரோக்கரிடம் எஃப்.ஓ.வி. வாங்குவது வீண். சட்டப்படி புரோக்கரும் பொறுப்பாளிதான், ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால்தானே!

உண்மையான டிரான்சிட் இன்சூரன்ஸ் என்றால் உங்கள் பெயர், பாலிசி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், தொகை எல்லாம் அச்சான சான்றிதழ் கையில் வர வேண்டும். மூவர்ஸ் லெட்டர்ஹெட்டில் 'இன்சூர்டு' என்று சீல் அடித்துக் கொடுப்பது செல்லாது. பாலிசி எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டுச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது. ஆகவே லோடிங்குக்கு முன்பே சான்றிதழ் வேண்டும், "லாரி கிளம்பியதும் வாட்ஸ்அப்பில் அனுப்புறோம் சார்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழில் தேட வேண்டிய எழுத்து ஒன்றுதான்: இன்லேண்ட் டிரான்சிட் கிளாஸ் (clause, எந்தெந்த ஆபத்துக்குக் காப்பீடு என்று சொல்லும் விதி) ஏ, பி அல்லது சி. சி என்றால் தீயும் இடியும் மட்டும். பி என்றால் அவற்றோடு லாரி மோதல், கவிழ்தல், பாலம் உடைதல். ஏ என்றால், விலக்குப் பட்டியலில் உள்ளவை போக எல்லா ஆபத்தும். வீட்டுச் சாமான் உடைவது பெரும்பாலும் லாரி கவிழ்ந்து அல்ல. பலர் சாமானை ஒரே லாரியில் ஏற்றும் ஷேரிங் லோடில் நடுவழி கோடவுனில் இறக்கி, வேறு லாரியில் ஏற்றும்போதுதான். அங்கே டிவி கை நழுவினால் பி காசு தராது. மலிவாக வருகிற பாலிசி பெரும்பாலும் பி. தனி லாரி, ஒரே ஓட்டம் என்றால் அது போதும். ஷேரிங் என்றால் ஏ வாங்குங்கள், அல்லது பி-யோடு நம்பகமான எஃப்.ஓ.வி.

ஏ இருந்தும் கிளெய்ம் தள்ளுபடியாவதற்குப் பெரிய காரணம் பேக்கிங். போதாத பேக்கிங்கால் வந்த சேதம் விலக்கு. ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினுக்குப் பின்பக்க டிரான்சிட் போல்ட்டை மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போகும், கிளெய்ம் நிற்காது. ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோய், வெளியே ஒரு கீறலும் இல்லாமல் கம்ப்ரெசர் மட்டும் பழுதானால் அது 'மெக்கானிக்கல் கோளாறு' ஆகிவிடும். கிரைண்டர் கல்லையும் பாத்திரத்தையும் கழற்றித் தனித்தனியே சுற்றச் சொல்லுங்கள். நகை, ரொக்கம், பத்திரம் எதற்கும் காப்பீடு இல்லை. கைப்பையில் வரட்டும்.

மதிப்பு எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு லட்சம் பெறும் சாமானை மூன்று லட்சம் என்று எழுதி, 40,000 சேதமானால், கைக்கு 20,000-தான் வரும், பாதியை நீங்களே சுமக்க வேண்டும். மொத்தமாக எழுதாமல் பொருள்வாரியாக, இன்றைய விலையில், சீரியல் நம்பரோடு பட்டியல் போடுங்கள். மதிப்பைக் கூட்டினால் வழியில் வரி வரும் என்று சில ஏஜென்டுகள் மிரட்டுவார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் கேட்கும் மின்சீட்டு) தேவையில்லை.

இறக்கும் நாளில் டிரைவர் அவசரப்படுத்துவார். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்ற வரியில் கையெழுத்துப் போடாமல், "டிவி பெட்டி மூலை நசுங்கியுள்ளது, திறந்து பார்க்கவில்லை" என்று டெலிவரி காப்பியில் எழுதுங்கள். பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள். சர்வேயர் வரும்வரை அட்டையைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். கூடவே லாரி நிறுவனத்துக்குத் தொகை குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த நோட்டீஸுக்கான 180 நாள் கெடு புக்கிங் தேதியிலிருந்து ஓடுகிறது, டெலிவரியிலிருந்து அல்ல. நோட்டீஸ் அனுப்பாவிட்டால், லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்கள் கிளெய்மில் கை வைக்கும்.

இரண்டு பேரும் கைவிரித்தால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியேறிய ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பழைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.