உயிலில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு: பாதி ரிவ்யூ

இந்தச் சேவைக்கு யாரும் முழு ரிவ்யூ எழுத முடியாது. பொருள் டெலிவரி ஆகும் நாளில் வாங்கியவர் உயிரோடு இருக்கமாட்டார். அதனால் ஆர்டர் போட்ட வரைக்கும் நடந்ததை எழுதுகிறேன், மீதியை என் அக்கா மகன் விருப்பப்பட்டால் பிற்பாடு எழுதிக்கொள்ளட்டும்.

நான் இங்கிலாந்தில் 30 வருடத்துக்கு மேல் பார்மசிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சின்ன வீடு, கொஞ்சம் சேமிப்பு, ஊரில் அக்கா, இங்கே அக்கா மகனும் அவன் மனைவியும், அவ்வளவுதான் என் உலகம். ஒரே ஆன்டிபயாடிக்கை மூன்றாவது தடவையாக வாங்க வந்து, "இதுவும் கேட்கலைன்னா என்ன செய்யறது?" என்று கவுண்டரில் நின்று கேட்டவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் என் காலத்துக்கு அப்புறம் ஒரு பங்கு தொற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன். அக்கா மகனிடம் சொன்னபோது, "சித்தி, உங்க காசு, உங்க இஷ்டம். பேப்பர் வேலையை மட்டும் என் தலையில கட்டிடாதீங்க" என்றான். நியாயமான பயம்தான், அந்த விஷயத்துக்குப் பிற்பாடு வருகிறேன்.

இரண்டு பல்கலைக்கழகங்களின் உயில்கொடைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். பெயர் வேண்டாம். முதல் இடத்திலிருந்து ஒரு வாரத்தில் வழவழப்பான ஒரு புத்தகம் வந்தது, உள்ளே சிரித்த முகங்கள், மைக்ரோஸ்கோப், புல்வெளி, கூடவே ஒரு தேநீர் விருந்துக்கு அழைப்பு. நான் கேட்டிருந்த ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் குறிப்பிடும் ஆராய்ச்சி 20 வருடம் கழித்து அங்கே நடக்கவே இல்லையென்றால் பணம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. மறுபடி எழுதினேன், மறுபடி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண்மணி போனிலேயே கூப்பிட்டு, எவ்வளவு தருவீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல், முக்கால் மணி நேரம் பேசினார். "எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் உங்கள் குடும்பத்தில் சொல்லிவிட்டீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்த ஒரு கேள்விக்கே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டேன்.

அவரோடு எனக்கு வாக்குவாதமும் வந்தது. "இந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற இந்தக் கிருமியைப் பற்றி இந்தத் துறையில் நடக்கும் ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று கறாராக எழுதத்தான் எனக்கு ஆசை. பார்மசிஸ்ட் புத்தி, டோஸ் துல்லியமாக இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றார். தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று பொதுவாகக் கொடுத்துவிட்டு, இன்னதற்குச் செலவிட்டால் மகிழ்வேன் என்பதை விருப்பமாக, அதாவது கட்டுப்படுத்தாத வாசகமாக, தனியே எழுதுங்கள் என்றார். கூடவே, அந்த நோக்கம் இல்லாமல் போனால் அதற்கு மிக அருகில் உள்ள வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. எனக்குச் சந்தேகம். இவ்வளவு தளர்வாக எழுதினால் நாளைக்கு அந்தப் பணத்தில் கூரைக்கு ஓடு மாற்றுவார்கள் இல்லையா?

சம்மதிக்காமல்தான் போனை வைத்தேன். அப்புறம் என் மனதை மாற்றியது வில்லியம் டன் கதை. இவர் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லியில் பிறந்து, தென்னாப்பிரிக்க வியாபாரத்தில் பணம் சேர்த்து, வங்கி நடத்தி, பார்லிமென்ட் உறுப்பினராகவும் இருந்து, 1912-ல் இறந்தவர். அவருடைய உயிலில் உயிர்வேதியியலும் இல்லை, நோயியலும் இல்லை. துன்பத்தைக் குறைக்க, கல்வியை வளர்க்க, மருத்துவமனைகளுக்கு உதவ என்று அகலமான வார்த்தைகள்தான். பணத்தைக் கையில் வைத்திருந்த டிரஸ்டிகள் முதலில் அங்கங்கே சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு விஷயம் தெரிந்த விஞ்ஞானிகளைக் கேட்டு, பெரிய தொகையாக ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலுக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. அந்தத் துறையின் தலைவர் ஹாப்கின்ஸ் வைட்டமின் வேலைக்காக 1929-ல் நோபல் பரிசில் பாதியை வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சுமார் 1 லட்சம், அதில் சவுத் பார்க்ஸ் ரோட்டில் 1927-ல் திறந்த கட்டடம்தான் சர் வில்லியம் டன் நோயியல் பள்ளி. ஃப்ளோரி, செயின், ஹீட்லி என்ற விஞ்ஞானிகள் எல்லோரும் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மருந்தாக்கியது அதற்குள்ளேதான். மருத்துவமனைக்குக் கட்டில் வாங்க மட்டும் என்று டன் கறாராக எழுதியிருந்தால் கட்டில்தான் கிடைத்திருக்கும், அந்தக் கட்டடம் கிடைத்திருக்காது.

கதை இதோடு முடியவில்லை. 1941 பிப்ரவரி 12 அன்று அந்தப் பெனிசிலினை முதன்முதலாக சிகிச்சையாக ஏற்றியது ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு. ரோஜா முள் கீறியதால் வந்த தொற்று என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், அது சந்தேகத்துக்குரிய கதை. அவர் படுத்திருந்த ராட்கிளிஃப் இன்ஃபர்மரியும் ஒரு உயிலிலிருந்து வந்ததுதான். ஜான் ராட்கிளிஃப் என்ற டாக்டர் 1714-ல் இறந்துபோனார், அவர் சொத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்டிகளின் பணத்தில் எழுந்த மருத்துவமனை 1770-ல் திறந்தது. 56 வருடம்! அந்த ஒரு கட்டில் ஓரத்தில் இரண்டு பேருடைய உயில்கள் சந்தித்துக்கொண்டன என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. அலெக்ஸாண்டர் நாலைந்து நாளில் தேறினார், ஆனால் கையில் இருந்த மருந்து தீர்ந்துவிட்டது. சிறுநீரில் வெளியேறியதைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றியும் போதவில்லை, மார்ச் மாதம் இறந்துவிட்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெனிசிலின் முழுக்க உயில் பணத்தில் வந்ததல்ல. டன்னுடைய பணம் கட்டடத்தையும் அது ஓடுவதற்கான மூலதனத்தையும் கொடுத்தது. எலிக்கும் கருவிக்கும் சம்பளத்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் உதவின. அதே கட்டடத்தில் பின்னால் ஆபிரகாம், நியூட்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செஃபலோஸ்போரின் சி என்ற ஆன்டிபயாடிக்கைப் பிரித்தார்கள். அந்தக் காப்புரிமையில் வந்த வருமானம் டிரஸ்ட்களாகி ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சிக்கே திரும்பிப் போனது. நான் கவுண்டரில் தினமும் எண்ணிக் கொடுத்த செஃபலெக்ஸின் அந்த வம்சத்துப் பிள்ளைதான். கூரை ஓடு பயம் அதோடு போய்விட்டது. அந்த அம்மாவுக்கு நானே போன் போட்டு, நீங்கள் சொன்னபடியே எழுதிவிடலாம் என்றேன். அவர் பெருமை அடித்துக்கொள்ளவில்லை, அதற்கும் பாதி ஸ்டார்.

சரி, இனி சொலிசிட்டர், அதாவது உயிலை எழுதித் தரும் வக்கீல். இங்கேதான் மதிப்பெண் சரிகிறது. 55 வயது தாண்டியவர்களுக்கு மார்ச்சிலும் அக்டோபரிலும் ஃப்ரீ வில்ஸ் மந்த் என்று இலவசமாக எளிய உயில் எழுதித் தரும் ஏற்பாடு இருக்கிறது, செலவை அறக்கட்டளைகள் ஏற்றுக்கொள்ளும். என்னுடையதில் ஊர் மனையும் இருந்ததால் காசு கொடுத்தே போனேன். முதல் வரைவில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பேச்சுவழக்கில் கூப்பிடுவதுபோல எழுதி, பதிவு எண் என்ற இடத்தைக் காலியாக விட்டு, "எண் கிடைக்கவில்லை, இது அறக்கட்டளைதானா?" என்று எனக்கே கேள்வி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உட்படப் பல பல்கலைக்கழகங்கள் பதிவிலிருந்து விலக்கு பெற்ற அறக்கட்டளைகள், அதனால் எண்ணே இருக்காது. இதை ஒரு ஓய்வு பெற்ற பார்மசிஸ்ட் சொலிசிட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, மணிக்கணக்கில் ஃபீஸும் கொடுத்து.

பெயர் சின்ன விஷயம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சட்டப்படியான பெயர் 'தி சான்சலர், மாஸ்டர்ஸ் அண்ட் ஸ்காலர்ஸ் ஆஃப் தி யுனிவர்சிட்டி ஆஃப் ஆக்ஸ்ஃபோர்ட்'. அங்கே இருக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் தனித்தனி அறக்கட்டளைகள். பெயர் தவறினால் பணம் யாருக்கு என்று எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றுபவர், தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நான் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம் சரியான வாசகத்தை ஒரு பக்கத்தில் தயாராக வைத்திருந்தது, ரசீதில் யார் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற வரி உட்பட. அதைக் கேட்டு வாங்கி சொலிசிட்டரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மேலே பார்த்துக்கொண்டு அவர் யோசிப்பதற்கும் சேர்த்து பில் போடுவார்.

பணக் கணக்கு பலருக்குப் புதிதாக இருக்கும். இந்தியாவில் இறந்தவர் சொத்துக்குப் போடும் எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் நம்மவர்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை. இங்கே இறந்தவர் சொத்து 3,25,000 பவுண்டுக்கு மேல் போனால், மிஞ்சியதற்கு 40 சதவீதம் வரி. நேர் வாரிசுக்கு வீடு போனாலோ, கணவன் மனைவிக்குள்ளோ சலுகைகள் உண்டு, எனக்கு இரண்டும் கிடையாது. அறக்கட்டளைக்குப் போகும் தொகைக்கு வரி இல்லை. அதோடு, வரம்பு போக மிஞ்சுவதில் 10 சதவீதமாவது அறக்கட்டளைக்குப் போனால் மீதிக்கு வரி 36 சதவீதம்தான்.

5,00,000 பவுண்டு சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தானம் இல்லையென்றால் வரி 70,000, அக்கா மகனுக்கு 4,30,000. பல்கலைக்கழகத்துக்கு 17,500 எழுதினால் வரி 56,700, அவனுக்கு 4,25,800. 17,500 போய்ச் சேர்கிறது, அவனுக்குக் குறைவது 4,200 மட்டும். இன்னொரு வேடிக்கை, 7,000 மட்டும் எழுதினாலும் அவனுக்கு அதே 4,25,800-தான் வரும், ஏனென்றால் அப்போது வரி 40 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆகவே 7,000 எழுத நினைப்பவர் 17,500 எழுதலாம், வாரிசுக்கு ஒரு பைசா குறையாது, வித்தியாசத்தை வரித்துறைதான் தாங்கும். இதை நான் பேனாவோடு உட்கார்ந்து கண்டுபிடித்தேன், சொலிசிட்டர் "ஆமாம், அப்படித்தான்" என்றார். முதலிலேயே சொல்லக்கூடாதா?

தொகையாக எழுதுவதா, பங்காக எழுதுவதா என்பது அடுத்தது. 20,000 என்று எண்ணாக எழுதினால் 25 வருட விலைவாசியில் அது கரைந்துபோகும். மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதினால் கரையாது, ஆனால் அப்போது பல்கலைக்கழகமும் ஒரு பங்காளி. வீட்டை என்ன விலைக்கு விற்றீர்கள், ஏன் அந்த விலை, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அக்கா மகன் பயந்த பேப்பர் வேலை இதுதான். அவன்தான் எக்ஸிகியூட்டர், பங்கு பெறுபவரே எக்ஸிகியூட்டராக இருக்கலாம், தடையில்லை. நீண்ட நேரம் யோசித்து பங்காகவே எழுதினேன், அவனுக்குப் பிரியாணி செய்து கொடுத்துச் சம்மதம் வாங்கினேன்.

சாட்சி மட்டும் அவனோ அவன் மனைவியோ போடக் கூடாது. 1837-ஆம் வருடச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பங்கு பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், ஆனால் அவர் பங்கு போய்விடும். நான் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொலிசிட்டர் ஆபீசில் அன்று இரண்டாவது ஆள் லீவு, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், முன்கூட்டி ஒரு போன் கிடையாது. கடைசியில் என் வீட்டுச் சமையலறை மேசையில் எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டம்மாவும் நின்று கையெழுத்துப் போட்டார்கள். இருவருக்கும் ஃபில்டர் காபி கொடுத்தேன், எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டார்.

என் மதிப்பெண்: உயில்கொடைப் பிரிவுக்கு 5-க்கு நாலரை, குறைந்த அந்த அரையும் நன்றிக் கடிதத்தில் என் பெயரில் ஒரு எழுத்தை விட்டதால். தேநீர் விருந்துக்காரர்களுக்கு 2. சொலிசிட்டருக்கு 2, ஊர் மனை விஷயத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தார் என்பதால்.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னதும் தோழிகள் எல்லோரும் "உடம்பையே எழுதிக் கொடுத்துட்டியா?" என்று கேட்டார்கள். அது வேறு. உடல் தானத்துக்கு நாம் உயிரோடு இருக்கும்போதே தனிப் படிவத்தில் சாட்சியோடு சம்மதம் எழுத வேண்டும், நாம் போன பிறகு உறவினர் நமக்காகக் கொடுக்க முடியாது, நாமே கொடுத்திருந்தாலும் அந்த நேரத்து நிலைமையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மருத்துவப் பள்ளிக்கு உரிமை இருக்கிறது. அந்தப் படிவத்தையும் வரவழைத்து வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு சாட்சி போதும், எதிர்வீட்டுக்காரர் காபிப்பொடி தீர்ந்துவிட்டதா என்று நேற்றே விசாரித்தார்.