அலுமினிய கேடமரன்: கட்டி, சில வருடம் ஓட்டிய பிறகு

அலுமினியப் படகை நானே கட்டினேன் என்றால், "வெல்டிங் எங்கே படிச்சீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சில வருடம் ஓட்டிய பிறகு எனக்கு முக்கியமாகத் தெரிவது அதுதான். வெல்டிங் கற்றுக்கொள்ளலாம், வரவில்லை என்றால் கூலிக்கு ஆள் வைக்கலாம். கேடமரனில், அதாவது இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகில், ஏற்றிவிட்ட எடையை எந்த ஆளை வைத்தும் இறக்க முடியாது.

படகு 7.2 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். அந்த அகலம் ஆஸ்திரேலியச் சாலை விதி கொடுத்தது. அதற்கு மேல் போனால் டிரெய்லரில் இழுக்கத் தனி அனுமதி, நிபந்தனை என்று தலைவலி. ஆகவே 80 செ.மீ. அகலத்தில் இரண்டு உடல்கள், மிச்சம் 90 செ.மீ. நடுவே டனல், அதாவது இரண்டு உடல்களுக்கும் இடையே மேலே கூரை மூடிய வழி. பின்னால் இரண்டு 115 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார்கள். ஓடும் இடம் பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் விரிகுடா. வானிலை இடம் கொடுத்தால் சௌத் பாசேஜ் வழியாக வெளிக்கடல்.

வடிவத்தை டெல்ஃப்ட்ஷிப் என்ற படகு வரையும் மென்பொருளின் இலவசப் பதிப்பில் வரைந்தேன். தகட்டின் கனம், சட்டங்களின் இடைவெளி எல்லாம் சிறு படகுகளுக்கான ஐஎஸ்ஓ 12215 தரநிலைப்படி கணக்கிட்டு, ஒரு படகு வடிவமைப்பாளரிடம் காசு கொடுத்துச் சரிபார்த்தேன். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். அடித்தகடு 5 மி.மீ.யா 6 மி.மீ.யா என்று கேட்டதற்கு, "கணக்கு 5 போதும் என்கிறது, பயத்துக்காக ஒரு மில்லி சேர்க்காதே" என்றார் அவர். 5083 என்ற கடல் அலுமினியக் கலவைத் தகடு 5 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 13.3 கிலோ. அடிப்பகுதியும் டனலும் சேர்ந்து சுமார் 25 சதுர மீட்டர். அந்த ஒரு மில்லி 65 கிலோவுக்கு மேல்.

65 கிலோ பெரிய விஷயமா என்றால், கணக்கைப் பாருங்கள். இரண்டு உடல்களும் நீர்மட்டத்தில் பிடிக்கும் பரப்பு எட்டு சதுர மீட்டர் சொச்சம். அதாவது 85 கிலோ ஏறினால் படகு ஒரு செ.மீ. அமிழும். ஆறு பெரியவர்கள், 200 லிட்டர் பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் சேர்ந்தால் எட்டு செ.மீ. போய்விடும். காலிப் படகு நிற்கும்போது டனலின் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பதே 22 செ.மீ. அது 14 ஆகிவிட்டால் வேறு படகுதான்.

வெல்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகடெல்லாம் 5083. 6061 என்ற இன்னொரு கலவைச் சட்டம் வாங்கும்போது வலுவாகத் தெரியும், ஆனால் வெல்டிங் சூட்டில் அதன் பலம் பாதியாகிவிடும். 5083 கூட வெல்டிங் ஓரத்தில் 215 மெகாபாஸ்கலில் இருந்து 125க்கு இறங்கும், அந்த 125ஐ வைத்துத்தான் கணக்கு போட வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். ஆகவே அசிட்டோன் துடைப்பு, தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ், அப்புறம்தான் டார்ச். வாசல் கதவு லேசாகத் திறந்திருந்தால் போதும், வெல்டிங்கைக் காக்கும் ஆர்கான் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய், வெல்டிங் ரவா இட்லி மாதிரி துளைத்துளையாக வரும். நீளமாக ஒரே இழுப்பில் ஓட்டாமல், நடுவில் தொடங்கி இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று போனால் தகடு அதிகம் வளையாது. அவ்வளவுதான்.

இனி ஓட்டம். மோர்ட்டன் விரிகுடா ஆழம் குறைந்தது. தென்கிழக்குக் காற்று கொஞ்சம் ஏறி, நீரோட்டம் அதற்கு எதிராக வந்தால், குட்டையாகச் செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து எழும்பும். ஒற்றை உடல் படகில் இடுப்பு கழன்றுவிடும். இதே அலையில் எங்கள் படகு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போனால், டனலில் சிக்கும் காற்றும் நுரையும் மெத்தையாகி, மேலோடு மேலாகப் போகிறது. விரிகுடாவின் அந்தப் பக்கம் மோர்ட்டன் தீவில் இருக்கும் டாங்கலூமா வரை போய்த் திரும்பியும் முதுகு வலிப்பதில்லை.

பிரச்சினை 10 முதல் 14 நாட் வரை. படகு முழுசாக எழும்பியும் இருக்காது, மிதந்தும் இருக்காது. அலையின் தலை டனல் கூரையில் வந்து தட்டும். சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம் காலில் ஏறும். கூடவே டனலில் அடைபட்ட காற்று தண்ணீரை முன்பக்கமாக ஊதித் தள்ளும். கேடமரன்காரர்கள் இதைத் தும்மல் என்பார்கள். எதிர்க்காற்று இருந்தால் அந்தத் தும்மல் முழுவதும் கண்ணாடியில். மோட்டாரின் சாய்வை மேலே டிரிம் செய்து வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடும். ஆள் நிறைய இருக்கும் நாளில் கூட்டினாலும் நிற்காது. அதனால்தான் எடை, எடை என்று புலம்புகிறேன்.

திருப்பத்தில் இன்னொன்று. வேகமாகத் திரும்பும்போது கேடமரன் வெளிப்பக்கமாகச் சாயும். முதல் தடவை ஏறிய நண்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என்ன இது, தப்பான பக்கம் சாயுதே!" என்று அலறினார். கேடமரனுக்கு அது இயல்புதான், ஆனால் விருந்தாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நிற்கும்போதோ, நாலு பேர் ஒரே பக்கம் நின்று தூண்டில் போட்டாலும் படகு அசையாது. பீல் தீவின் மறைவில் ராத்திரி தங்கினால் மட்டும் டனலுக்குள் சின்ன அலை சளக் சளக் என்று விடியும்வரை பேசும். எனக்குத் தூக்கம் வரும், வீட்டில் மற்றவர்களுக்கு வராது.

எரிபொருள், 22 நாட் வேகத்தில் இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஒரு கடல் மைலுக்கு இரண்டு லிட்டர் சொச்சம். இந்த அளவுப் படகுக்கு மோசமில்லை.

அரிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீருக்கு 5083 பயப்படாது. வெளியே பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அலுமினியத்தைக் கெடுப்பவை மற்ற உலோகங்களும் மின்சாரமும்தான். ஒரு நாள் பில்ஜை, அதாவது தண்ணீர் தேங்கும் படகின் உள்ளடியை, கழுவும்போது மூலையில் ஒரு ஐந்து சென்ட் நாணயம் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் வெள்ளை மாவு, அதைச் சுரண்டினால் விரல் நகம் இறங்கும் பள்ளம். அந்த நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு, வேறென்ன ஆகும். ஈயக்குண்டும் இதையேதான் செய்யும். இப்போது சில்லறையோ தூண்டில் குண்டோ கீழே விழுந்தால், எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒவ்வொன்றுக்கும், இரு உலோகங்களைப் பிரித்து வைக்கும் டூராலாக் பசை பூசியிருக்கிறேன். பூசிய இடம் எல்லாம் இன்றும் சுத்தம்.

வயரிங்கில் ஒரு எரிச்சல். பம்ப் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், காரில் செய்வதுபோல நெகட்டிவ் வயரைப் பக்கத்துச் சட்டத்திலேயே முடுக்கிவிட்டுப் போய்விட்டார். அலுமினியப் படகில் ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரி வரை இரண்டு வயர் போக வேண்டும். படகின் உடல் மின்சாரம் திரும்பும் பாதையாகவே கூடாது. அந்தச் சட்டத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக அரித்த பிறகுதான் தெரிந்தது. யார் வேலை செய்தாலும் முடிந்ததும் மல்டிமீட்டரோடு உள்ளே இறங்கிப் பாருங்கள். படகைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கப் போகிறவர்கள், பாசி பிடிக்காமல் அடிக்கும் பெயின்ட்டில் செம்பு இல்லை என்பதை டப்பாவைப் படித்து உறுதி செய்யுங்கள்.

டெக்குக்கு வெளிர் நிறம்தான். 5083 தகடு நீண்ட காலம் 65 டிகிரிக்கு மேல் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அரிப்புக்கு இடம் கொடுக்கும். குயின்ஸ்லாந்து வெயிலில் கறுப்பு டெக் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். வெறுங்காலுக்கும் அது ஆகாது.

அடுத்த குளிர்காலத்தில் டனலின் முன்வாயில் அலையைப் பிளக்க ஒரு சிறு மூக்கு வெல்ட் செய்யப் போகிறேன், தட்டலும் தும்மலும் குறையும் என்று. 4 மி.மீ. தகட்டில் சுமார் 20 கிலோ வரும். அதற்கு ஈடாகப் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றுகிறேன். அதில் இருப்பதெல்லாம் பழைய கயிறுதான்.