இடத்துக்கு இடம் மாறும் நெட்வொர்க் செட்டிங்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

வீட்டில் தானாகக் கிடைக்கும் ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி எண்), அலுவலகத்தில் நிலையான ஐபி, ஆய்வகத்தில் டிஎச்சிபியே (ஐபியைத் தானாகக் கொடுக்கும் வசதி) இல்லாத தனி ஸ்விட்ச். ஒரே லேப்டாப் இந்த மூன்று இடத்துக்கும் போய்வரும்போது ஐபி எண்ணை மாற்றுவது சின்ன வேலைதான். படுத்துவது, கூடவே மாற்ற மறந்துபோகும் டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) பிராக்ஸியும் (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்).

விண்டோஸ் 11-இல் வைஃபைக்கு நல்ல வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலுக்குப் போய், வேண்டிய பெயரைத் திறந்து, ஐபி அசைன்மென்ட்டை அங்கே மாற்ற வேண்டும். அந்த எண் அந்த வைஃபையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக அடாப்டரில் (நெட்வொர்க் கார்டில்) போட்டால் எந்த வைஃபையில் இணைந்தாலும் அதே எண்தான் வரும். "வீட்டில் நெட் வரவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கேபிளுக்கு பேட்ச் ஃபைல்தான் (கட்டளைகளை எழுதிவைத்து ஒரே கிளிக்கில் ஓட்டும் ஃபைல்) கைகொடுக்கிறது. இடத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றிலும் விண்டோஸின் நெட்வொர்க் கட்டளையான நெட்ஷ் (netsh) இரண்டு வரி: முதல் வரி முகவரி, மாஸ்க் (உள் நெட்வொர்க்கின் எல்லை), கேட்வே (வெளியே போகும் வழி, பெரும்பாலும் ரவுட்டர்), இரண்டாவது டிஎன்எஸ். தானியங்கிக்குத் திரும்பும் ஃபைலிலும் இரண்டு வரியும் வேண்டும். முகவரியை மட்டும் டிஎச்சிபிக்கு மாற்றினால் அலுவலக டிஎன்எஸ் அப்படியே தங்கிவிடும். அப்போது இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகும், ஆனால் எந்தத் தளமும் பெயரைச் சொல்லித் திறக்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டாவிட்டால் ஒன்றுமே மாறாது. நெட்ஷுக்குப் பதிலாக பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: டிஎச்சிபியை ஆன் செய்த பிறகும் பழைய கேட்வே ரூட் நிற்கும், அதைத் தனியாக நீக்க வேண்டும்.

ஆய்வகம் போன்ற இடத்துக்கு, ஐபிவி4 பண்புகளில் உள்ள 'ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்' தாவல் போதும். டிஎச்சிபி பதில் வராதபோது விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் 169.254-இல் தொடங்கும் முகவரிக்குப் பதிலாக நாம் கொடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மாறும், அதனால் கேபிளைச் செருகியதும் அவசரப்படக் கூடாது. டிஎச்சிபி உள்ள இடத்தில் இது வேலைக்கே வராது.

விண்டோஸில் பிராக்ஸி நெட்வொர்க்குக்குத் தனித்தனி கிடையாது. கையால் போட்டதைக் கையால்தான் எடுக்க வேண்டும். பிங் சரி, பெயரும் முகவரியாக மாறுகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் பிராக்ஸியைப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஆப்பிளின் மேக் கணினி மிக நேர்த்தி. அதன் 'லொகேஷன்' வசதி ஐபி, டிஎன்எஸ், பிராக்ஸி மூன்றையும் ஒரே பெயரின் கீழ் வைத்துக்கொள்கிறது. டெர்மினலில் எஸ்சிசெலக்ட் (scselect) கட்டளையோடு பெயரைக் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து மாறும். இடத்தை அதுவாகக் கண்டுபிடிக்காது என்பதுதான் குறை. லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் வைஃபை பெயருக்கு ஒரு ப்ரொஃபைல் (சேமித்த செட்டிங் தொகுப்பு) வைப்பதால் அங்கே கவலையே இல்லை. ஒரே கேபிளுக்குப் பல ப்ரொஃபைல் இருந்தால் ஆட்டோகனெக்ட் முன்னுரிமை எண் பெரியதாக உள்ளதே முதலில் எழும்.

ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லையா? நிலையாகப் போட்டு வைத்த 1.1.1.1 போன்ற டிஎன்எஸ் காரணமாக இருக்கலாம். தானியங்கிக்கு மாற்றி, லாகின் முடிந்தபின் திரும்பப் போடுங்கள்.

ரவுட்டர் நம் கையில் இருந்தால் லேப்டாப்பில் நிலையான ஐபியே வேண்டாம். ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் லேப்டாப்பின் மேக் (MAC) முகவரிக்கு, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்ணுக்கு, 192.168.1.50 என்று எழுதிவைத்தால் அங்கே எப்போதும் அந்த எண், வெளியே போனால் எது கிடைக்கிறதோ அது. லேப்டாப்பில் தொட எதுவும் இல்லை, எண் மோதலும் வராது. வைஃபை கார்டுக்கும் கேபிள் போர்ட்டுக்கும் மேக் முகவரி வேறு; இரண்டையும் பதிவு செய்யுங்கள். மேக் முகவரியை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' வசதி ஆன் ஆக இருந்தால் ரவுட்டருக்கு ஆளே அடையாளம் தெரியாது. அந்த வைஃபைக்கு மட்டும் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.