சாதனம் போனால் சேவும் போகுமா? நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் கிளவுட் வசதி பற்றி

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் சாதனத்தை வைத்திருப்பவர்களிடம் ஆண்டுச் சந்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால், இணையத்தில் பிறரோடு மோதி விளையாடத்தானே அது, நமக்கு எதற்கு என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. முகம் தெரியாதவர்களோடு கார் பந்தயம் ஓட்டுவதில் எனக்கும் ஆர்வம் கிடையாது. ஆனால் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் என்ற அந்தச் சந்தாவுக்குள், ஆட்டத்தில் நாம் எட்டிய நிலையின் பதிவை, அதாவது சேவை, இணையச் சேமிப்பகத்தில் (கிளவுடில்) பிரதி எடுத்துவைக்கும் சேவ் டேட்டா கிளவுட் என்ற ஒரே ஒரு வசதிக்காக எங்கள் வீட்டில் அதைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறோம். கொடுக்கும் பணத்துக்கு அது தகும் என்பதே என் கருத்து. ஆனால் எல்லா விளையாட்டுகளையும் அது காப்பாற்றிவிடும் என்று நம்பிப் பணம் கட்டுபவர் ஏமாந்து போவார்.

சேவ் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2017 மார்ச்சில் வெளிவந்த ஸ்விட்ச்சில், விளையாட்டைக் கேம் கார்டாக வாங்கினாலும் சரி, டவுன்லோட் செய்து வாங்கினாலும் சரி, நாம் விளையாடி முன்னேறிய பதிவு முழுவதும் சாதனத்தின் உள் நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. மைக்ரோ எஸ்டி கார்டுக்குப் போவதெல்லாம் டவுன்லோட் செய்த விளையாட்டுகள், அப்டேட்டுகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், வீடியோக்கள் மட்டுமே. மதுரைக் கடைகளில் 128 ஜிபி கார்டை விற்கும்போது, "இதப் போட்டுட்டீங்கன்னா எல்லாம் இதுலயே ஏறிரும்ணே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேவ் மட்டும் அதில் ஏறாது. போதாக்குறைக்கு, உள் நினைவகத்தில் இருப்பவை அந்தந்தச் சாதனத்துக்கே உரிய குறியாக்கச் சாவியால் பூட்டப்பட்டிருப்பதால், போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) செத்துவிட்டால் நினைவகத்தை மட்டும் கழற்றி வேறொரு ஸ்விட்ச்சில் பொருத்திப் பயனில்லை. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

சோனியின் பழைய கையடக்கச் சாதனமான பிஎஸ்பி-யில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது எரிச்சலைத்தான் தரும். அதில் மெமரி ஸ்டிக்கைத் திறந்தால் சேவ்டேட்டா என்ற ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கும். யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, விளையாட்டுக்கு ஒன்றாக இருக்கும் சிறு ஃபோல்டர்களை இழுத்துப் போட்டுக்கொண்டால் பேக்கப் முடிந்தது. வேறொரு பிஎஸ்பி கிடைக்கும்போது அதே இடத்தில் திரும்ப வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிண்டெண்டோவும் தன்னுடைய 3டிஎஸ் சாதனத்தில், டவுன்லோட் செய்த விளையாட்டுகள் பலவற்றின் சேவ் டேட்டாவை எஸ்டி கார்டிலேயே 30 பிரதிகள் வரை எடுத்துவைக்க வழி செய்திருந்தது. அப்படிப்பட்ட நிறுவனம் ஸ்விட்ச்சில் கார்டுக்கோ கணினிக்கோ பிரதி எடுக்கும் வழியை ஏன் அடியோடு அடைத்தது என்பதற்குத் திருட்டுப் பிரதிகளின் மீதான பயத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு ஸ்விட்ச்சுக்குச் சேவ் டேட்டாவை அனுப்பும் வசதி ஒன்று இலவசமாகவே உண்டு. ஆனால் இரண்டு சாதனங்களும் உயிரோடு அருகருகே இருக்க வேண்டும், அனுப்பி முடித்ததும் பழைய சாதனத்தில் இருப்பது அழிந்துவிடும். அதை இடமாற்றம் என்று சொல்லலாமே தவிர, பேக்கப் என்று சொல்ல முடியாது.

ஆகவே மிஞ்சுவது 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கட்டணச் சேவை ஒன்றுதான். அமெரிக்க விலையில் தனி நபர் சந்தா ஆண்டுக்கு 19.99 டாலர். பயன்படுத்துவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. முகப்புத் திரையில் விளையாட்டின் படத்தின் மேல் நின்று பிளஸ் பட்டனை அழுத்தினால் திறக்கும் பட்டியலில் சேவ் டேட்டா கிளவுட் என்ற வரி இருக்கிறது. அதற்குள் போனால் கடைசியாக எப்போது மேலேறியது என்பது தேதியோடும் நேரத்தோடும் தெரிகிறது. தானியங்கி பேக்கப்பை இயக்கி வைத்துவிட்டால், இணைய இணைப்பு இருக்கும்வரை, விளையாட்டை மூடிய பிறகு சாதனம் தானாகவே ஏற்றிக்கொள்கிறது. பல விளையாட்டுகளின் சேவ் டேட்டா சில எம்பி அளவே இருப்பதால், வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாதவர்களுக்குக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும். கொடைக்கானலுக்குப் பேருந்தில் போகும் வழியில் விளையாடியது மட்டும் சிக்னல் கிடைக்கும்வரை காத்திருக்கும்.

இந்தச் சேவையின் உண்மையான தரம் என் அக்கா மகனின் ஸ்விட்ச் உயிரை விட்டபோதுதான் தெரிந்தது. சென்னையிலிருந்து வரும் இரவு ரயிலில் மேல் படுக்கையிலிருந்து அது தரையில் விழுந்தது. திரையில் கீறல்கூட இல்லை, ஆனால் அதன் பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சிறிய கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பின்மூடியின் மூன்று முனை ஸ்க்ரூக்களைத் தனி ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, உலோகத் தகட்டைத் தூக்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழே போர்டை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார்ஜ் ஏறும் வழியையெல்லாம் சோதித்துவிட்டு, "போர்டு போயிருச்சுண்ணே. தம்பி, கேமெல்லாம் நெட்ல ஏத்தி வச்சிருக்கியாப்பா?" என்று அவனிடம் கேட்டார். ஏற்றி வைத்திருப்பதாக அவன் சொன்னதும், அப்படியானால் இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லி, பார்த்ததற்குக் கூலியும் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாமா மதுரைக்கு வந்தபோது வேறொரு ஸ்விட்ச்சைக் கொண்டுவந்தார். அதில் பையனின் பழைய நிண்டெண்டோ கணக்கை இணைத்ததும், சிஸ்டம் செட்டிங்ஸில் டேட்டா மேனேஜ்மென்ட் பகுதிக்குள் அவனுடைய விளையாட்டுகளின் பட்டியல் வந்து நின்றது. இங்கே எதை முதலில் செய்கிறோம் என்ற வரிசை முக்கியம்: முதலில் சேவ் டேட்டாவை இறக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் விளையாட்டைத் திறக்க வேண்டும். ஆவலில் முதலிலேயே திறந்துவிட்டால் புதிதாக ஒரு சேவ் உருவாகிவிடும். பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று சாதனம் கேட்கும்போது குழந்தைகள் தவறான பக்கத்தைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' விட்ட மலையடிவாரத்திலிருந்தே தொடங்கியது. ஸ்டார்டியூ வேலி பண்ணையில் முள்ளங்கி அறுவடைக்கு நின்றது. விளையாட்டுகளை இறக்க ஆன நேரத்தோடு ஒப்பிட்டால், சேவ் இறங்கிய நேரம் கணக்கிலேயே வராது.

போகிமான் ஸ்வோர்ட் விளையாட்டின் சேவ் மட்டும் வரவில்லை. அதற்குக் கோளாறு எதுவும் காரணமல்ல. கிளவுட் பேக்கப்பை ஏற்காத விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. ஸ்பிளட்டூன் 2, டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்ட் ஆகியவையும் அந்த வரிசையில் சேர்ந்தவை. பழைய சேவ் டேட்டாவைத் திரும்ப இறக்கி, பிறருக்குக் கைமாற்றிக் கொடுத்த பொருளை மீண்டும் பெறுவதையும், இழந்த தர வரிசையை மீட்பதையும் தடுப்பதற்காகவே இந்த விலக்கு என்று நிண்டெண்டோ 2018-இல் விளக்கம் சொன்னது. இணையப் போட்டிக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் ஸ்பிளட்டூன் 2-இல் தனியாக விளையாடும் கதைப் பகுதியும், போகிமானில் ஒரு சிறுவன் விடுமுறை முழுவதும் உட்கார்ந்து சேர்த்த பதக்கங்களும் யாரையும் ஏமாற்றுவதற்கில்லையே. அவற்றைப் பிரித்துக் காப்பாற்ற ஒரு வழி செய்யாமல் மொத்தத்தையும் விலக்கியது, காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அழகல்ல.

சொந்தமாக ஒரு தீவை அமைத்து வளர்க்கும் அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாடும் பெண் பிள்ளைகள் எங்கள் குடும்பத்தில் இருப்பதால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் பொதுவான கிளவுட் வசதிக்குள் வராது. 2020 ஜூலை இறுதியில் வந்த அப்டேட்டில் தீவை மட்டும் பேக்கப் எடுக்கும் தனி வசதியைச் சேர்த்தார்கள். அதற்கும் சந்தா வேண்டும், விளையாட்டுக்குள்ளேயே போய் அதை இயக்கி வைக்கவும் வேண்டும். சந்தா கட்டியாயிற்று என்று சும்மா இருந்துவிட்டால் தீவு பத்திரமாக இருக்காது.

இன்னொரு குறை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. கிளவுடில் ஒரு விளையாட்டுக்குக் கடைசிப் பிரதி ஒன்று மட்டுமே நிற்கிறது. முந்தைய வாரத்துப் பிரதிக்குத் திரும்ப வழியில்லை. தம்பி தெரியாமல் அண்ணனின் பெயரில் புதிய ஆட்டத்தைத் தொடங்கி, பழைய சேவ் இருந்த இடத்தில் எழுதிவிட்டால், தானியங்கி பேக்கப் அந்தச் சேதத்தையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பல வாரங்கள் நீளும் விளையாட்டுகளுக்கு மட்டும் தானியங்கியை நிறுத்தி வைத்து, முக்கியமான கட்டம் முடிந்ததும் கையாலேயே ஏற்றுவது நல்லது.

பணம் கட்டும் விஷயத்தில், ஒரே சாதனத்தில் பல பிள்ளைகள் விளையாடும் வீடுகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேவ் டேட்டா ஒவ்வொருவரின் பெயருக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. தனி நபர் சந்தா ஒருவருடைய கணக்கை மட்டுமே காக்கும். அண்ணன் பெயரில் சந்தா இருந்தால் தங்கையின் சேவ் மேலேறாது. 34.99 டாலர் குடும்பச் சந்தாவில் 8 கணக்குகள் வரை சேர்க்கலாம் என்பதால், திருமங்கலத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளையும் எங்கள் குழுவிலேயே சேர்த்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். நிண்டெண்டோவின் இணையக் கடையில் பணம் கட்டுவதற்கான, குறியீட்டு எண் உள்ள டாலர் அட்டையை வாங்கும்போது, கணக்கில் எந்த நாட்டைக் குறித்திருக்கிறோமோ அந்த நாட்டுக்குரியதாகவே பார்த்து வாங்க வேண்டும். வேறு நாட்டுக் குறியீட்டை அந்தக் கடை ஏற்காது. சந்தா முடிந்தவுடன் கிளவுடில் இருப்பதை எடுக்க முடியாது, ஆனால் 180 நாட்களுக்குள் புதுப்பித்தால் பழையவை திரும்பக் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. பள்ளித் தேர்வு மாதங்களில் சாதனத்தை அலமாரியில் பூட்டி வைத்து, சந்தாவையும் நிறுத்தி வைக்கும் பெற்றோருக்கு இந்தக் கெடு உதவும்.

போகிமானுக்கு மட்டும் ஒரு பக்க வழி இருக்கிறது. போகிமான் ஹோம் என்ற தனிச் சேவையில், கட்டணம் இல்லாமலேயே, ஆட்டத்தில் பிடித்து வளர்க்கும் உயிரினங்களான போகிமான்களில் 30 வரை அனுப்பி வைக்கலாம். கதையில் கடந்து வந்த தூரமோ, பையில் உள்ள பொருள்களோ அதில் போகாது. பிடித்து வளர்த்தவை மட்டும் தப்பும். அக்கா மகன் இப்போது ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறான். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் தங்கையோடு சண்டை போட்டே அந்த 30 இடங்களை நிரப்புகிறான்.