1,450 வெள்ளி போச்சு: பழைய 85 மிமீ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடி மாடியில் உள்ள பழைய கேமரா கடை. பெயர் வேண்டாம். போன சனிக்கிழமை 85 மிமீ எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்கு அங்கே எண்ணிக் கொடுத்தது 1,450 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

கடைக்காரர் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். பூஞ்சை இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. தன் கேமராவிலேயே மாட்டி ஒரு முகத்தை எடுத்து, கண்ணிமை முடியை எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார். "தம்பி, நம்ம ஆளுக்குக் கெட்ட சாமான் கொடுப்பேனா?" அந்தப் பேச்சில்தான் பணம் கைமாறியது. அவர் எடுத்தது எஃப்/8-இல், அதாவது லென்ஸின் திறப்பை நன்றாகச் சுருக்கி; முகம் இருந்தது நட்டநடுவில். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தாலோ மையம் விலகியிருந்தாலோ முழுத் திறப்பில் (இந்த லென்ஸில் எஃப்/1.8), ஓரங்களில்தான் நன்றாகத் தெரியும். எஃப்/8-க்கு மூடினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரவில் சோதித்தபோது குட்டு உடைந்தது. முக்காலி, 2 விநாடி டைமர், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்), எஃப்/1.8. வெகு தூரத்தில் தனியாக எரியும் ஒரு தெருவிளக்கை நடுவில் வைத்து, திரையை 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, விளக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் நான்கு படம். வலது மூலைகள் இரண்டிலும் விளக்கு சிறு புள்ளி. இடது மேல் மூலையில் அதே விளக்கு வால் நட்சத்திரம்போல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதே கேமராவில் 50 மிமீ மாட்டினால் நான்கு மூலையும் ஒரே மாதிரி. அப்புறம்தான் மவுன்ட் (லென்ஸ் கேமராவில் மாட்டும் வளையம்) திருகுகள் கண்ணில் பட்டன: தலையில் கறுப்புச் சாயம் உரிந்து வெள்ளிக் கீறல். யாரோ திறந்து, சரியாகப் பொருத்தாமல் மூடியிருக்கிறார்கள்!

கடையில் முதல் பதில், "எல்லா 85-உம் ஓரத்தில் மங்கல்தான்." தப்பு. குவிதளம் (ஃபோகஸ் விழும் பரப்பு) வளைந்த லென்ஸ் என்றால் நான்கு மூலையும் ஏறக்குறைய சமமாக மங்கும். ஒரு மூலை மட்டும் கெடாது. அடுத்த பதில், "உங்க கேமராவைப் பாருங்க." 50 மிமீ படங்களை அனுப்பியதும், "விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்." இப்போது வாட்சாப்பில் நீல டிக் மட்டும். 1,450 வெள்ளி வாங்கியவர் கடைசியாகச் சொன்ன விலை, "600-க்கு எடுத்துக்கிறேன்."

அவசரமாகச் சில:

உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். சோதிக்க எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்து போதும். முழுத் திறப்பில் நான்கு மூலையும் பாருங்கள். பச்சை, ஊதா விளிம்பைக் கண்டு பயப்படாதீர்கள், 85 எஃப்/1.8-இல் அது சகஜம். திருகுத் தலைகளைப் பாருங்கள். ரசீதில் சீரியல் எண்ணும் திருப்பித் தரும் நாளும் எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். தனிநபர் விற்றதற்கு அது செல்லாது, கடைக்குச் செல்லும். கோரிக்கைப் படிவமான படிவம் 1 நிரப்பியாயிற்று, நாளைக்குப் போகிறது.