படம் மாட்ட: டிரில் போடலாமா, ஒட்டுப்பட்டை போதுமா?

கண்ணாடியும் தேக்குச் சட்டமும் சேர்ந்த தஞ்சாவூர் ஓவியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டிரில்தான். பலகை, கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்ந்தால் கனம் அதிகம். விழுந்தால் தங்க ரேக்கும் சுண்ணப் பூச்சும் பெயர்ந்துவிடும். பழையபடி ஆக்குவது கடினம்.

செங்கல், கான்கிரீட் துளைக்கும் 6 மி.மீ. மேசன்ரி பிட்டால் 40 மி.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். மேல்பூச்சே ஏறத்தாழ 12 மி.மீ. இருக்கும், துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லில் உட்கார்ந்தால்தான் பிடிப்பு. துளையில் தூசி தங்கினால் பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும், ஊதி எடுத்துவிடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே துளை வேண்டாம்: ஒயர் குழாய் அந்த வழியாகத்தான் போகும். அகலமான படத்துக்கு இரண்டு கொக்கி போட்டால் சாயாது.

வாடகை வீட்டில் சின்னச் சின்ன போட்டோக்களுக்கு ஒட்டுப்பட்டை நல்ல வழி. ஆனால் அதன் பலம் சுவரின் பெயின்ட் எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயின்ட்டோடு உரிந்து வந்துவிடும், எமல்ஷனில் நிற்கும். சுவரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கழற்றும்போது பட்டையின் அடியில் நீண்டிருக்கும் வாலைச் சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். முன்பக்கமாக இழுத்தால் பெயின்ட்டுக்கு அடியில் உள்ள பட்டிப் பூச்சு பெயரும்.

எதில் மாட்டினாலும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.