மெக்ஆர்தர் ஆற்றுத் துத்தநாகம்: கடல்தரையில் படிந்ததா, சேற்றுக்குள் விளைந்ததா?

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில், மெக்ஆர்தர் ஆற்றுப் பக்கம், 1955இல் ஒரு பெரிய துத்தநாக-ஈயப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 'ஹியர்ஸ் யுவர் சான்ஸ்' என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக எச்.ஒய்.சி. தாதுத் துகள்கள் மிக மிக நுண்ணியவை. பிரித்தெடுக்க வழி பிடிபடாமல் சுரங்கம் தொடங்கவே 1995 ஆகிவிட்டது. தாது எப்படி வந்தது என்ற வழக்கு மட்டும் இன்னும் ஓயவில்லை.

படிவு இருப்பது சுமார் 164 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பார்னி கிரீக் பாறைத்தொகுதியில். கரிமச்சத்து மிகுந்த, டோலமைட் (கால்சியம்-மக்னீசியம் கார்பனேட்) கலந்த வண்டல்பாறை அது. ஒரு தரப்பு சொல்வது: உலோகம் சுமந்த வெந்நீர் உவர்க்கரைசல் பிளவு வழியே கடல்தரைக்கு ஏறி, பள்ளத்தில் தேங்கி, சல்பைடாகப் படிந்தது. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ரோஸ் லார்ஜும் உடனிருந்தவர்களும் 1998இல் இதை விரிவாக எழுதினார்கள். மறுதரப்பு சொல்வது: கரைசல் கடலைத் தொடவே இல்லை, இறுகாத சேற்றுக்குள் புகுந்து, இருந்த கார்பனேட்டைத் தின்று அந்த இடத்தைச் சல்பைடாகப் பிடித்துக்கொண்டது; இதற்குப் பெயர் மாற்றீடு. புவியியலாளர் நீல் வில்லியம்ஸ் 1978இலேயே இந்தப் பக்கம் பேசினார். 1993இல் அயனிக்கற்றை கொண்டு செய்த கந்தக ஐசோடோப்பு ஆய்வும் இதற்கே வலுச் சேர்த்தது.

இரு தரப்புக்கும் சாட்சி சொல்லக்கூடியது கார்பனேட்தான். இந்தத் தாதுவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை அதிகம் ஈர்ப்பதும் அதுவே.

கரைசலில் வந்த இரும்பின் பெரும்பகுதியைக் கந்தகம் பைரைட்டாக, அதாவது இரும்பு சல்பைடாக, பிடித்துவிடும். மாங்கனீசு சல்பைடாக எளிதில் மாறாது. ஆக்சிஜன் அற்ற நீரில் கரைந்தபடியே தூரம் போய், டோலமைட்டின் படிகத்தில் மக்னீசியத்தின் இடத்தில் அமரும். எச்.ஒய்.சி.யில் இப்படி மாங்கனீசு ஏறிய டோலமைட் ஒரே அடுக்கு மட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல கிலோமீட்டர் தூரம் பரவியிருக்கிறது. குயின்ஸ்லாந்தின் லேடி லொரெட்டா துத்தநாகப் படிவில் வேறு மாதிரி: தாதுவை ஒட்டி சிடரைட் (இரும்புக் கார்பனேட்), அதற்கு வெளியே ஆங்கரைட் (இரும்பு ஏறிய டோலமைட் வகை), பிறகு சாதாரண டோலமைட். தாதுவைச் சுற்றி வளையமாக, ஒளிவட்டம் போன்ற அமைப்பு. இவ்வளவு அகலமும் ஒரே மட்டமும் நீர் எளிதில் புக முடியாத நுண்சேற்றுக்குள் பக்கவாட்டில் ஊடுருவி வந்தன என்பதைவிட, கடல்நீரில் பரவிப் படிந்தன என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது. செங்கடலின் அட்லாண்டிஸ் 2 பள்ளத்தில் இன்றும் வெந்நீர் உவர்க்கரைசல் தேங்கி நிற்கிறது; அதன் அடிவண்டலில் மாங்கனீசு கலந்த சிடரைட்டைக் காண்கிறோமே.

ஆனால் நுண்ணோக்கியின் கீழ் கதை மாறுகிறது. துத்தநாக சல்பைடான ஸ்பேலரைட், டோலமைட் மணிகளைக் கரைத்து உள்ளே நுழைந்திருப்பதை அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. வேதியியலும் ஒத்துப்போகிறது: துத்தநாகமும் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும்போது அமிலம் வெளிப்படும், அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும், கரைந்த இடம் அடுத்த சல்பைடுக்குத் திறந்துகொள்ளும். தாது தனக்கான இடத்தைத் தானே தோண்டிக்கொள்கிறது.

ஆக்சிஜன் ஐசோடோப்பை இங்கே அதிகம் நம்பமாட்டேன். 164 கோடி ஆண்டுகளில் கார்பனேட் மீண்டும் படிகமாகி, பழைய வெப்பநிலையின் தடயத்தை மங்கவைத்திருக்கும்.

என் தீர்ப்பு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது. மாங்கனீசு ஏறிய டோலமைட் வளையம் கடலின் சாட்சி. செறிந்த தாது சேற்றுக்குள் நடந்த மாற்றீட்டின் சாட்சி. இரண்டும் ஒரே நாளில் உருவாகியிருக்க வேண்டியதில்லை.

புதுத் தாதுவைத் தேடுபவர் முடிவும் இதனால் மாறுகிறது. வளையத்தை மட்டும் நம்பினால் அதே அடுக்கைப் பின்தொடர்வார். மாற்றீட்டை நம்பினால் கிழக்கே ஓடும் ஈமு பிளவின் அருகில், கார்பனேட் தடித்திருக்கும் இடத்தைத் துளையிடுவார். நானாக இருந்தால் வளையத்தை வழிகாட்டியாகவும் பிளவை இலக்காகவும் வைப்பேன். முழுப்பாறையின் மாங்கனீசை அப்படியே ஒப்பிடக் கூடாது. கார்பனேட் குறைந்த பாறையில் அது தாழ்ந்து தெரியும். கால்சியத்தால் வகுத்து, டோலமைட்டுக்குள் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே ஒரு துளையை இன்னொரு துளையோடு ஒப்பிடலாம்.